ஹம்பி போகுமுன் ஹெல்மெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மார்த்தாண்டத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆடி மாதக் கடைசியில் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு நாகர்கோவில், மதுரை, சேலம், பெங்களூரு வழியாக ஹம்பி வரை பைக்கில் போகத் திட்டமிட்டிருக்கிறார். இப்போது வைத்திருக்கும் ஹெல்மெட்டை அணிந்து ஒரு மணி நேரம் ஓட்டினாலே நெற்றியின் நடுவில் வலி தொடங்கிவிடுகிறது. கடைக்காரர் ஒருவர் அடுத்த அளவை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நண்பர்களோ பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைந்த எதுவும் தூரப் பயணத்துக்கு ஆகாது என்கிறார்கள். யார் சொல்வது சரி, மனைவிக்கு எப்படிப்பட்டதை வாங்குவது என்பவை அவருடைய கேள்விகள். நாகர்கோவிலில் ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் விற்கும் கடையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, இரண்டு ஆலோசனைகளுமே உங்கள் வலியைத் தீர்க்காது. தலையைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கினால் அளவு சிறியது என்று கொள்ளலாம். கன்னமும் பக்கவாட்டும் சுகமாக இருந்து, நெற்றியின் நடுவில் மட்டும், அதுவும் நேரம் செல்லச் செல்ல வலி எழுகிறதென்றால், ஹெல்மெட்டின் உட்புற வடிவம் உங்கள் தலையின் வடிவத்தோடு பொருந்தவில்லை என்றே பொருள். அளவை மாற்றினால் வடிவம் மாறாது. விலையைக் கூட்டினாலும் மாறாது. பத்தாயிரம் ரூபாய் ஹெல்மெட்டிலும் இதே வலி வரக்கூடும். அதில் பாதிகூட விலையில்லாத ஒன்று நாள் முழுவதும் உறுத்தாமல் இருக்கவும் கூடும்.

காரணம் ஹெல்மெட் செய்யப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. வெளியே பிளாஸ்டிக், பாலிகார்பனேட் அல்லது ஃபைபர் இழையால் ஆன கடினமான ஓடு. அதற்குள் நாம் தெர்மாகோல் என்று சொல்லும் பாலிஸ்டைரின் நுரையால் ஆன தடித்த அடுக்கு. அதற்கும் உள்ளே துணி போர்த்திய மென்பஞ்சு. விபத்தில் உயிரைக் காப்பதில் பெரும்பங்கு நடுவிலிருக்கும் தெர்மாகோலுக்கு உரியது. மோதும் கணத்தில் அது நசுங்கிக் கொடுப்பதால், தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் சிறிதளவு நீண்டு, மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறைகிறது. அந்த அளவு விசைக்கு நசுங்குவதற்காகச் செய்யப்பட்ட பொருள் உங்கள் நெற்றி எலும்பின் அழுத்தத்துக்கு இடம் கொடுக்காது. கன்னப் பகுதியில் மென்பஞ்சு தடிமனாக இருப்பதால் அங்குள்ள இறுக்கம் அணிய அணியத் தளரும். நெற்றியில் பஞ்சு மெல்லியது. அது அமுங்கியதும் எலும்புக்கு எதிரே தெர்மாகோல்தான் நிற்கிறது. ஆகவே கன்னத்து இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தும் அழுத்தத்தைப் பழகிவிடும் என்று நம்பி வாங்கக் கூடாது.

மேலிருந்து பார்த்தால் மனிதத் தலைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: வட்டத்தை நெருங்கியவை, முன்பின்னாகச் சற்றே நீண்டவை, நன்றாக நீண்டவை. விற்பனைக்கு வரும் ஹெல்மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை நடுவகைத் தலையை மனத்தில் வைத்துச் செய்யப்படுகின்றன. நீண்ட தலையை உடையவர் உருண்டையான உட்புறம் கொண்ட ஹெல்மெட்டை அணிந்தால் நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தம் விழும். காதுக்கு மேலே இரு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி இருக்கும். உருண்டைத் தலையர் நீண்ட ஹெல்மெட்டை அணிந்தால் கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பகுதி இரண்டும் வலிக்கும். நெற்றிக்கு முன்னே இடைவெளி இருக்கும். நீங்கள் விவரித்திருப்பது முதல் வகையாகவே தெரிகிறது. உறுதிசெய்துகொள்ள, தலைமுடியை நனைத்து நன்றாகப் படிய வாரிவிட்டு, வீட்டில் ஒருவரை உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்த வடிவத்தைப் பற்றிய செய்தி அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்காது என்பதால், அந்தப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்வது நல்லது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் உட்புற வடிவத்தில் வேறுபடுவதுண்டு. எனவே ஒன்று வலித்ததற்காக அந்த நிறுவனத்தையே ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்த அளவு வாங்கச் சொன்ன யோசனையைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் தவறான யோசனை அதுதான். ஓரளவு பெரிய ஹெல்மெட் கடையில் அணிந்து பார்க்கும் ஐந்து நிமிடத்துக்கு மிகவும் இதமாக இருக்கும். நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் அது மேலே தூக்கும். வார் தொண்டையை அறுக்கும். பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் ஹெல்மெட் பின்தங்கித் திரும்பும். அதைப் பிடித்து நிறுத்தக் கழுத்துத் தசை நாள் முழுவதும் வேலை செய்து மாலையில் வலிக்கும். விழுந்தால் தலையை விட்டு அது சுழன்று கழன்றுவிடும் அபாயமும் இருக்கிறது. வலியை நெற்றியிலிருந்து கழுத்துக்கு மாற்றிக்கொண்டு பாதுகாப்பையும் இழப்பதைத் தீர்வு என்று சொல்ல முடியாது.

அளவெடுக்கத் தையல்காரர் டேப் போதும். புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே, காதுகளுக்கு மேலாகச் சென்று, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி வர வேண்டும். சற்று மேலும் கீழுமாக மூன்று முறை அளந்து, கிடைக்கும் மிகப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு ஹெல்மெட்டுகளில் அளவு 580, 600 என்று மில்லிமீட்டரில் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் அளவு இரண்டுக்கும் நடுவே விழுந்தால் சிறியதை முதலில் போட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் படாமல் இருக்க உள்ளே மெல்லிய துணித்தொப்பி அணியும் எண்ணம் இருந்தால், அதை அணிந்தபடியே அளக்கவும், கடையில் போட்டுப் பார்க்கவும் வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியதை யாரும் அவசரப்படுத்த விடாதீர்கள். வார்கள் இரண்டையும் வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்து அணிந்தால் காது மடங்காது. அணிந்ததும் கன்னங்கள் லேசாகப் பிதுங்கி, வாயை அசைத்தால் கன்னத்தின் உட்புறம் பல்லில் படுகிற அளவுக்கு இருந்தால் புதிய ஹெல்மெட்டுக்கு அது சரியான இறுக்கம். தாடைப் பகுதியைக் கையால் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பினால் நெற்றித் தோலும் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் வழுக்கிச் சுழன்றால் அது பெரியது. பிறகு வாரை மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கிக்கொண்டு, பின்புறக் கீழ்விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வரும் ஹெல்மெட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், அங்கேயே வைத்துவிடுங்கள். கண்ணாடி அணிபவராக இருந்தால் அதையும் போட்டுப் பார்க்க வேண்டும். சட்டத்தின் கால்கள் மெல்லியதாகவும் நேராகவும் இருந்தால் பொட்டில் அழுத்தாது.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் அளவைச் சொல்லுமே தவிர, உங்கள் வலிக்குக் காரணமான வடிவப் பொருத்தத்தை முழுமையாகச் சொல்லாது. அதைச் சொல்வது நேரம் ஒன்றுதான். எலும்பின் மேல் விழும் அழுத்தம் இருபது முப்பது நிமிடங்களுக்குப் பிறகே வலியாகத் தெரியும். கடையில் அரை மணி நேரம் அணிந்துகொண்டு உட்கார விட்டால் மிகவும் நல்லது. விடாவிட்டால், உறுத்தினால் மாற்றித் தரவேண்டும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்; வைசரின் (முகத்துக்கு முன்னுள்ள கண்ணாடி மூடியின்) மேலுள்ள பாதுகாப்புத் தாளைக்கூடக் கிழிக்காமல், சுத்தமான துணித்தொப்பியின் மேல், வீட்டில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் அணிந்திருங்கள். கழற்றியதும் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். பரவலான மெல்லிய சிவப்பு இரண்டு நிமிடத்தில் மறைந்தால் கவலையில்லை. காசளவு ஓரிடத்தில் மட்டும் ஆழமாகச் சிவந்திருந்து, தொட்டால் வலித்தால், அந்த ஹெல்மெட் உங்களுடையதல்ல. மறுநாளே கொண்டுபோய் மாற்றிவிடுங்கள். இணையத்தில் வாங்குவோருக்கும் இதே முறைதான். திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

பயணத்துக்கு முந்தைய வாரம் வாங்குவதையும் தவிர்க்கச் சொல்வேன். புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு யாரும் பழநிக்குப் பாதயாத்திரை கிளம்புவதில்லை அல்லவா? கன்னத்துப் பஞ்சு உங்கள் முகத்துக்கு ஏற்ப அமைவதற்குப் பத்துப் பதினைந்து மணி நேர ஓட்டமாவது தேவைப்படும். மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் அன்றாடம் போய்வரும் நீங்கள் இப்போதே வாங்கிவிட்டால் ஆடி முடிவதற்குள் அது தானாகவே அமைந்துவிடும். அதன்பிறகும் கன்னம் மட்டும் மிகுதியாக அழுத்தினால், சில மாடல்களுக்கு மெல்லிய கன்னத் திண்டு தனியாகக் கிடைக்கிறது, அதை மாற்றிக்கொள்ளலாம்.

நெற்றியில் உறுத்தும் இடத்தில் தெர்மாகோலைக் கரண்டிக் காம்பால் அழுத்திக் குழிப்பதும், பிளேடால் சீவுவதும் சிலர் சொல்லித்தரும் வைத்தியம். தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் குழித்த இடத்தில் தெர்மாகோல் முன்பே நசுங்கிவிட்டது. அதே இடத்தில் அடிபட்டால் காப்பதற்கு அங்கே மிச்சம் குறைவு. ஹெல்மெட்டைப் பைக்கின் கண்ணாடியில் கவிழ்த்து மாட்டிவைக்கும் வழக்கமும் உள்ளே இதே குழியை மெல்ல மெல்ல உண்டாக்குகிறது. பழைய ஹெல்மெட்டைப் பஞ்சு வைத்துச் சரிசெய்ய முயல்வதைவிடப் புதியதை வாங்குவதே மேல்.

இனிக் காற்று. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் குவிந்து வேகம் கொண்டு கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அத்தனை நெருக்கமாக நிற்பதற்கு அதுவே காரணம். தூரப் பயணத்துக்கு ஹெல்மெட் வாங்குகிறவர்களுக்கு அது பெரிய வசதி என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் ஊரை விட்டுப் போகாமலே ஹெல்மெட்டை எல்லாத் திசைக் காற்றிலும் சோதித்துவிடலாம். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் காவல்கிணறு செல்லும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். அங்கே தெற்கே திரும்பி நான்குவழிச் சாலையில் கன்னியாகுமரி நோக்கி ஓட்டினால் வலப்பக்கத்தில் அறையும். கன்னியாகுமரியிலிருந்து சுசீந்திரம் வழியாக ஊர் திரும்பும்போது பெரும்பாலும் எதிர்க்காற்று. வாங்கிய சில நாட்களுக்குள், மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்கு முன், மனைவியையும் அமர்த்தி இந்தச் சுற்றை ஒருமுறை ஓட்டுங்கள். எங்கே தலையைப் பிடுங்குகிறது, எங்கே இரைகிறது, எந்த இடுக்கில் காற்று நுழைந்து கண்ணில் நீர் வரவழைக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பயணத்தின் முதல் நாளில் பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி வரை இதே காற்று இடப்பக்கத்திலிருந்து உங்களோடு வரும்.

இந்தக் காற்றை மனத்தில் வைத்துத்தான், முன்னால் நீண்ட பீக் (நெற்றிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு) உள்ள அட்வெஞ்சர் வகை ஹெல்மெட்டை நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால் வேண்டாம் என்பேன். தேரிக்காட்டிலோ மலைப்பாதையிலோ மெதுவாக ஓட்டுபவர்களுக்கு அது வெயிலை மறைக்கும். நெடுஞ்சாலையில் குறுக்குக்காற்று அந்தப் பீக்கைப் பிடித்துத் தலையைத் திருகும். பின்புறம் இறக்கை போல நீண்டவையும் வேண்டாம். வழவழப்பான உருண்டை வெளிப்புறம் கொண்ட, தாடையையும் மூடும் முழு ஹெல்மெட்டே ஏற்றது. எடையையும் பாருங்கள்: 1,200 கிராமுக்கும் 1,600 கிராமுக்கும் உள்ள வேறுபாடு கையில் தெரியாவிட்டாலும் மாலை நான்கு மணிக்குக் கழுத்தில் தெரியும். பைக்கில் உயரம் குறைந்த விண்ட்ஷீல்டு பொருத்தியிருந்தால் அதன் விளிம்பிலிருந்து சுழலும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதுவதுண்டு; ஹெல்மெட்டைக் குறைசொல்வதற்கு முன் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இரைச்சலைப் பலரும் அசதி என்றே எண்ணிவிடுகிறார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் ஓசை 90 டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலியை நாளெல்லாம் கேட்பது செவிக்குக் கேடு. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொண்டால் காற்றிரைச்சல் குறையும், லாரியின் ஹாரன் கேட்கும். ஓட்டும்போது இருவரும் பேசிக்கொள்ள இன்டர்காம் பொருத்துவதானால், ஹெல்மெட்டின் உள்ளே காதுக்குழி ஆழமாக உள்ள மாடலில் மட்டும் பொருத்துங்கள். இல்லையென்றால் அந்த ஸ்பீக்கரே காதை அழுத்தும் புதிய வலியாகிவிடும்.

மழையும் வியர்வையும் நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகள். சாரலில் வைசரை மூடினால் உள்ளே மூச்சின் ஈரம் படிந்து மங்கும். பின்லாக் எனப்படும் உள்தகடு பொருத்தும் வசதியுள்ள வைசர் இதற்கு நல்ல தீர்வு. அது இல்லாவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு துளியை உட்புறம் தடவி மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் சில மணி நேரம் தாங்கும். கறுப்பு வைசரோடு கிளம்பாதீர்கள். இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு நீண்ட பயணத்தில் பெரும்பாலும் தவறும். உட்புறத் துணி முழுவதும் கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஊறிய பஞ்சு நாற்றம் எடுப்பதோடு தடித்து உறுத்தவும் தொடங்கும். பயண நாட்களில் காலையில் எண்ணெயைத் தவிர்த்து, இரண்டு மூன்று துணித்தொப்பிகளை மாற்றி மாற்றி அணியுங்கள். திண்டுக்கல் தாண்டிக் கரூர், நாமக்கல் வெயிலில் நெற்றிக்கு மேலுள்ள காற்றுத் துளைகளின் அருமை தெரியும். கையுறை போட்ட கையால் அவற்றைத் திறந்து மூட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

விலையைப் பொறுத்தவரை, முதலில் பார்க்க வேண்டியது முத்திரை. ஐஎஸ்ஐ முத்திரையும், அதன் மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டவிரோதம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த உரிம எண்ணை இட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம்; சாலையோரத்தில் குவித்து விற்பவற்றில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தரமான இசிஇ 22.06 கூடுதலாக இருந்தால் நல்லது. அதில் வெவ்வேறு வேகங்களில் மோதலும், சாய்வாக மோதும்போது தலை சுழல்வதும் சோதிக்கப்படுகின்றன. இந்த வரம்புக்குமேல் நீங்கள் கொடுக்கும் பணம் பெரும்பாலும் எடைக் குறைவுக்கும், இரைச்சல் குறைவுக்கும், நல்ல துணிக்கும், தோற்றத்துக்கும் போகிறது. மூவாயிரம் முதல் ஆறாயிரம் ரூபாய்க்குள் இந்தப் பயணத்துக்குப் போதுமானவை கிடைக்கும் என்பது என் கருத்து. மிச்சப் பணத்தை மனைவியின் ஹெல்மெட்டுக்குச் செலவிடுங்கள்.

அதைத்தான் நான் இந்தப் பதிலில் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். வண்டி வாங்கியபோது கொடுத்த ஹெல்மெட்டைப் பின்னால் அமர்பவருக்கு ஒதுக்குவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு இருவருக்கும் ஒரே கடமையை விதிக்கிறது. 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அபராதத்தை விடுங்கள்: பின்னால் இருப்பவர் பெரும்பாலும் சற்று உயரத்தில் அமர்கிறார், முன்னால் வரும் பள்ளத்தையோ பிரேக்கையோ எதிர்பார்க்க முடியாமல் தலையாட்டத்தை முழுதாக வாங்குகிறார். ஆகவே இருவரில் எடை குறைந்த ஹெல்மெட் அவருக்குத்தான் தேவை. அவரை அழைத்துச் சென்று, அவர் தலையை அளந்து, அவரையே அரை மணி நேரம் அணியச் செய்து வாங்குங்கள். கொண்டையோடும் தலை நிறையப் பூவோடும் எந்த ஹெல்மெட்டும் சரியாக அமராது. கழுத்துக்கு அருகே தாழ்வாகப் பின்னிய சடையோடு கடைக்கு வந்தால்தான் அளவு சரியாகத் தெரியும். பிரேக் போடும்போது இரு ஹெல்மெட்டும் முட்டிக்கொண்டே இருந்தால், குறை பெரும்பாலும் அளவு பெரிதாக இருப்பதிலோ, அவர் பிடித்துக்கொள்ள இடம் இல்லாததிலோ இருக்கும்.

வழியில் வலி வந்துவிட்டால் கைக்குட்டையை மடித்து நெற்றியில் வைக்காதீர்கள். அழுத்தம் கூடத்தான் செய்யும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி ஐந்து நிமிடம் நெற்றியைக் காற்றாட விட்டு, தொப்பியின் மடிப்பு எங்கும் சுருண்டிருக்கவில்லை என்று பார்த்து மறுபடி அணியுங்கள். நாகர்கோவிலிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 680 கிலோமீட்டர். மதுரையிலோ சேலத்திலோ ஓரிரவு தங்கிப் போனால் இருவருக்கும் கழுத்து தாங்கும். நம் ஊர்க் கடைகளில் உங்கள் தலைக்குரிய நீண்ட வடிவம் கிடைக்காமல் பெங்களூரு ஜே.சி. ரோடு போன்ற இடத்தில் வாங்குவதென்று முடிவு செய்தால், வாங்கிய அன்றே ஹம்பிக்குக் கிளம்ப வேண்டாம். ஒரு நாள் அங்கே தங்கி, நகருக்குள் இரண்டு மணி நேரமாவது அணிந்து ஓட்டி, நெற்றியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மாலையே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு மறுநாள் சித்ரதுர்கா சாலையில் ஏறுங்கள்.